தோளும் பளுவும்

(நமது சங்கத்து வாலிபர் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று மாலை நமது தேகாப்பியாச சாலையைக் குறித்து ஒரு தீர்மானம் வர இருக்கின்றது என்பது உங்கள் யாவர்க்கும் தெரிந்ததே. சென்ற சில மாதங்களில் அச்சாலையிற் பயிலும் வாலிபர் மூவர் பளு தூக்கித் தோளில் ஊறுபட்டனர். அவருள் ஒருவர் இன்றளவும் கையைத் தலைக்குமேல் உயர்த்தமாட்டாது வருந்துகின்றார். இதனைக் கண்டு மனம் நொந்த பெற்றோர் சிலர், இரும்பு தூக்கும் பயிற்சியே வேண்டா, பளுக்களை விற்றுவிட்டு அறையைப் பூட்டிவிடுக என்று காரியக் கமிட்டிக்கு எழுதியிருக்கின்றனர். வாலிபர்களோ, அடிபடாமல் வீரம் வருமோ என்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று சில வார்த்தை பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள்.

யாம் வைத்தியரல்லோம். ஆயினும் தோள் ஊறுபட்டு, பிழையான வழிகளில் அலைந்து, பின்னர்ச் சரியான வழியிற் குணமடைந்தோம் என்னும் ஒரு தகுதி எமக்கு உண்டு. அவ்வனுபவத்தையும், தேர்ந்த வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றோம். யாம் சொல்லவந்தது ஒன்றே: ஊறுபட்ட தோளை முற்றிலும் முடக்கிவைப்பதும் கேடு, நோவை மறைத்து மேலும் மேலும் தூக்குவதும் கேடு. அளவறிந்து சிறிது சிறிதாகப் பளுவேற்றுவதே பெரும்பாலான தோள்களுக்கு மருந்து.

எமது கதையை முதலிற் சொல்லிவிடுகின்றோம். 1998 ஆம் ஆண்டில் எமக்கு வயது 22. நண்பர் ஒருவரோடு பந்தயம் கட்டி, அதுகாறும் தூக்கியறியாத பளுவைத் தலைக்குமேல் தூக்கினோம். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சட்டையிற் கை நுழைக்கும்போது வலத்தோளின் வெளிப்புறத்தே ஒரு குத்தல். சொன்னாற் சிரிப்பார்கள் என்று எண்ணி, ஒருவருக்குஞ் சொல்லாமல் மூன்று மாதம் அதே பளுவைத் தூக்கிவந்தோம். முடிவில் அப்பக்கம் சாய்ந்து உறங்கவும் இயலாது போயிற்று. எம் தாயார் மூசாம்பரத்தை முட்டை வெண்கருவிற் குழைத்துப் பத்துப் போட்டார்கள், அவர்களது அன்பினால் மனம் ஆறியது, தோள் ஆறவில்லை. பிறகு சுளுக்கெடுப்பவர் ஒருவர் கையைப் பற்றி வெடுக்கென்று இழுத்தார், நோவு இரட்டித்தது. அதன்பின் கையை அசைக்கவே கூடாது என்று யாரோ சொல்ல, துணியால் தொட்டில் கட்டி ஏழு வாரம் தொங்கவிட்டிருந்தோம். அவிழ்த்தபோது தோள் இறுகி, புயம் மெலிந்து, தலைவாரவுங் கை எட்டவில்லை.

கடைசியாக ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி என வழங்கும் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றோம். அங்கிருந்த அம்மையார் எம் கையிற் கொடுத்த முதற் பளு யாது தெரியுமா? தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில். இளவட்டக்கல்லைத் தூக்க ஆசைப்பட்ட கைக்கு அரை லிட்டர் தண்ணீர்! வெட்கத்தால் தலை குனிந்தோம். அவ்வம்மையார், "உங்களுக்கு வேண்டியது தோளா, மீசையா?" என்றார்கள். தோள்தான் என்றோம். ஐந்து மாதத்தில் தோள் திரும்பிற்று. இன்றும் வாரத்தில் மூன்று நாள் பளு தூக்கிவருகின்றோம்.

நிற்க. தோள் என்பது யாது? நமது உடம்பின் மூட்டுக்களுள் மிகுதியான அசைவுடையது அதுவே. இடுப்பு மூட்டில் எலும்புப் பந்து ஆழ்ந்த கிண்ணத்துள் அமர்ந்திருக்கின்றது. தோளிலோ, சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம்போற் புயவெலும்பின் தலை ஆழமில்லாத குழியில் நிற்கின்றது. எந்தத் திசையிலுங் கை சுழலவேண்டும் என்பதற்காக இயற்கை உறுதியைக் குறைத்து அசைவைக் கூட்டியிருக்கின்றது. அப்பழம் தட்டினின்று உருளாமற் காப்பன தோட்பட்டை எலும்பினின்று புறப்பட்டுப் புயவெலும்பின் தலையைச் சூழப் பற்றும் நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களுமாம். மார்புத் தசையும் புயத் தசையும் கண்ணாடியில் தெரியும், இந்நான்கும் தெரியா. ஆதலின் வாலிபர் தெரிவனவற்றை வளர்த்துத் தெரியாதனவற்றை மறக்கின்றனர். தேரின் வடத்தை ஆயிரம்பேர் இழுக்கலாம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவோன் அயர்ந்தால் தேர் எங்கே போய் நிற்கும்?

இனி, பளுவினால் வரும் ஊறுகள் ஒரே வகையின அல்ல. வகை தெரியாமற் செய்யும் வைத்தியம் வீணாதலின் அவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது, நாண் நோவு. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. தசை சில வாரங்களிற் பலங்கொள்ளும். நாண் பலங்கொள்ள மாதங்கள் ஆகும். தசையின் வேகத்திற்குப் பளுவை ஏற்றினால் நாண் பின்தங்கி நொந்துபோம். கையைப் பக்கவாட்டில் உயர்த்துகையில் நடுவழியில் நோவதும், அப்பக்கம் சாய்ந்து படுத்தால் நோவதும் இதன் குறிகள். எமக்கு வந்ததும் இதுவே.

இரண்டாவது, காறை எலும்பு தோளின் உச்சியிற் சேரும் சிறு மூட்டில் உண்டாகும் நோவு. மல்லாந்து கிடந்து பளுவைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ் பயிற்சியை மிகையாகச் செய்வோர்க்கு இது வரும். உச்சியை ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம். கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுசென்றால் நோகும். காறை எலும்பின் நுனி கரைந்துபோகும் இந்நோயை 1982 ஆம் ஆண்டில் காஹில் என்னும் அமெரிக்க வைத்தியர் விளையாட்டு வீரரிடத்து விரித்துரைத்தார். அவருள் மிகப் பெரும்பாலோர் பளு தூக்குவோரே. அமெரிக்காவில் இதற்குப் "பளு தூக்குவோன் தோள்" என்றே பெயர் வழங்கலாயிற்று. காரணமான பயிற்சியைச் சில மாதம் விட்டால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவது, மூட்டு நழுவுதல். தலைக்குமேல் தூக்கிய பளு பின்புறம் சாயும்போது அதனை விடாது பற்றியிருப்போர்க்கு இது நேரும். இளம் வயதில் ஒருமுறை நழுவிய தோள் மீண்டும் மீண்டும் நழுவும் இயல்புடையது. ஆதலின் முதன்முறையே தக்க வைத்தியரைக் காணல்வேண்டும்.

நான்காவது, மார்புப் பெருந்தசையின் நாண் அறுதல். பெஞ்ச் பிரஸில் பளுவை இறக்கும்போதே பெரும்பாலும் இது நேரும். "படீர்" என்று ஒரு ஒலி. பின் புயத்திலும் அக்குளிலும் கருநீலமாக இரத்தம் கட்டும். மார்பின் வடிவம் மாறும். இதனைத் தசைப்பிடிப்பென்று எண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருத்தல் பெரும்பிழை. பளு தூக்க விரும்பும் வாலிபர்க்குச் சில வாரங்களுக்குள் சஸ்திர சிகிச்சை செய்தாலே நற்பயன் உண்டு. நாள் கடந்தால் நாண் சுருங்கிவிடும்.

தாய்மார்களே! வீட்டில் எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய குறிகளை மனத்திற் கொள்ளுங்கள். தோளின் வடிவம் மாறுதல். ஒலியோடு நோவும் இரத்தக்கட்டும் தோன்றுதல். அடிபட்டபின் கையை உயர்த்தவே இயலாமை. கையில் மரமரப்பு அல்லது விரல்களிற் பலக்குறைவு. தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருதல். கையை எப்படி வைத்தாலும் இரவெல்லாம் ஓயாத நோவு. இவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதிக்கலாகாது. நழுவிய மூட்டை எக்ஸ்-ரே எடாமல் எவரையும் இழுக்கவிடாதீர்கள். எலும்பு முறிந்திருப்பின் அவ்விழுப்பு நரம்பையும் இரத்தக்குழாயையும் கெடுக்கும். நடுவயதினர்க்கு மார்பில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் கூடத் தோளில் நோவு வந்தால், அது தோள்நோவன்று, இருதய நோவாகலாம் என்பதையும் மறவற்க.

இக்குறிகள் இல்லாத நாண் நோவுக்குச் செய்யத்தக்கது யாது? முதலில், நோவை உண்டாக்கும் பயிற்சியை நிறுத்துக. எல்லாப் பயிற்சியையும் நிறுத்தற்க. கால்களுக்கும் மற்றைக் கைக்கும் விடுமுறை எதற்கு? குளிர்ந்த ஒத்தடமோ சூடான ஒத்தடமோ எது இதமோ அதனைக் கொள்ளலாம். நம் வீட்டுப் பத்தும் மென்மையாக எண்ணெய் நீவுதலும் இதம் தருமாயின் தடையில்லை. வெடுக்கென்று இழுத்தலும் முறுக்குதலுமே ஆகா. நோவு மாத்திரைகளை வைத்தியர் சொற்படி சில நாளே உண்க. அவை வயிற்றையுங் குடலையும் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் வருத்தும். மாத்திரையால் நோவை மறைத்துக்கொண்டு பளு தூக்குவது, தீப்பற்றிய வீட்டில் மணியின் நாவைக் கட்டிவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

முதல் வாரங்களில் ஊசற் பயிற்சி நல்லது. மற்றைக் கையை மேசையில் ஊன்றி, குனிந்து, நொந்த கையைத் தளரத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுக. தோளைப்பற்றி 1934 ஆம் ஆண்டில் பெருநூல் வெளியிட்ட பாஸ்டன் நகரத்து வைத்தியர் காட்மன் அவர்களின் பெயராலேயே இப்பயிற்சி இன்றும் வழங்குகின்றது. அதனோடு, சுவரருகில் நின்று முழங்கையை மடித்து, புறங்கையாற் சுவரை அசையாது அழுத்தி, 30 விநாடி நின்று விடுக. இவ்வாறு ஐந்து முறை.

இது எளிதான பின்னர், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர்ப் பட்டையைப் பற்றி முன்கையை வெளிப்புறம் மெல்லத் திருப்புக. 10 முதல் 15 முறை, மூன்று சுற்று. தோட்பட்டைகளைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியும், சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டாலும் இதனோடு சேரும். பின்னரே சிறுபளு; அதன் பின்னரே தலைக்குமேல்.

எவ்வளவு நோவு பொறுக்கலாம் என்று கேட்பீர்கள். நோவே இல்லாமை 0, பொறுக்கவொண்ணாமை 10 என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது 3 அல்லது 4 வரை வரலாம். மறுநாட் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கவேண்டும். இறங்காவிடின் பளுவைக் குறைக்க, விட்டோடற்க. இவ்வாறு 12 வாரமாவது தொடர்ந்து செய்யாதவர், சிகிச்சை பலிக்கவில்லை என்று சொல்ல உரிமையிலர்.

அரை லிட்டர் பாட்டிலுக்கு எம்மைப்போல் வெட்கப்படும் வாலிபர்க்கு ஓர் உதாரணம் சொல்வோம். மணிப்பூரில் விறகு சுமந்து வளர்ந்த மீராபாய் சானு அவர்களை அறியாதார் யார்? 2017 ஆம் ஆண்டில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றவர். பின்னர் முதுகிலும் தோளிலும் துன்பம் வந்தது. அவர் அதனை மறைக்கவில்லை. 2020 அக்டோபரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்று, ஆரன் ஹோர்ஷிக் என்னும் இயன்முறை வைத்தியரிடம் உடம்பின் ஏற்றத்தாழ்வுகளைச் சீர்செய்யும் பயிற்சிகளைக் கற்றார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 119 கிலோ தூக்கி உலக சாதனை செய்தார். அவ்வாண்டு ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87-ம் 115-மாக 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் கொணர்ந்தார். உலகச் சாம்பியனே மீண்டும் மாணவியாகி அடிப்படைப் பயிற்சிக்கு அமர்ந்தார் என்றால், நமக்கு வெட்கம் ஏது?

இனி, சஸ்திர சிகிச்சையைப்பற்றி ஒரு வார்த்தை. 1972 ஆம் ஆண்டில் நீர் என்னும் அமெரிக்க வைத்தியர், தோளுச்சி எலும்பு கீழுள்ள நாணை உரைத்துக் கெடுக்கின்றது என்று கூறி, அவ்வெலும்பின் அடிப்புறத்தைச் செதுக்கும் முறையை வெளியிட்டார். அது உலகெங்கும் பரவிற்று. பின்னர் இங்கிலாந்து நாட்டு வைத்தியர் 313 நோயாளரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்கு எலும்பு செதுக்கப்பட்டது. இரண்டாம் பிரிவினர்க்குக் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்ததன்றி வேறொன்றுஞ் செய்யப்படவில்லை. மூன்றாம் பிரிவினர்க்குச் சிகிச்சை இல்லை. முதலிரு பிரிவினர்க்குள் வேறுபாடு காணப்படவில்லை. மூன்றாம் பிரிவினரைவிட அவர்கள் அடைந்த நன்மையும் சிறிதே. அதே ஆண்டில் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியும் இவ்வாறே கண்டது.

எம்.ஆர்.ஐ. படத்தில் "கிழிசல்" என்று எழுதியிருக்கக் கண்டு அஞ்சி நடுங்குவோரும் உளர். 1995 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தோள்நோவே இல்லாத 96 பேரைப் படமெடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 34 பேருக்கு நாணிற் கிழிசல் இருந்தது. 60 வயதைக் கடந்தோரிற் பாதிக்குமேற்பட்டோர்க்கு இருந்தது. தலைநரைபோல வயதின் அடையாளமாகவும் அது வரலாம் என்க. ஆதலின் படத்திற்கு வைத்தியம் செய்யற்க, மனிதனுக்குச் செய்க.

சஸ்திர சிகிச்சை வேண்டவே வேண்டா என்று யாம் சொல்கின்றோம் என எவரும் கொள்ளற்க. விபத்தில் திடீரென்று முழுதும் அறுந்த நாணுக்கும், அடிக்கடி நழுவும் மூட்டுக்கும் அது பேருதவி. ஆயினும் அதன்பின்னும் பொறுமை வேண்டும். நாணைத் தைத்தபின் கை நான்கு முதல் ஆறு வாரம் தொட்டிலில் இருக்கும். பலப்பயிற்சி ஏறத்தாழ 12 வாரத்தின் பின். பெரும்பளு ஆறு மாதத்திற்கு முன் இல்லை. தோளில் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் சில வாரம் நோவைத் தணிக்கும். மீண்டும் மீண்டும் போட்டால் நாணையே பலவீனமாக்கும்.

நமது பெரியோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். நீரிழிவுடையோர்க்குத் தோள் இறுகிப்போம் நோய் பிறரினும் மிகுதியாக வருகின்றது. அவர்கள் சிறு நோவுக்கு அஞ்சி மாதக்கணக்கிற் கையை அசையாது வைத்திருத்தல் தகாது. பளு தூக்குவோர்க்கு மாத்திரமன்று, மாவாட்டுவோர்க்கும் குடஞ் சுமப்போர்க்கும் மேலே கூறிய பயிற்சி முறையே ஏற்றதாம்.

மீண்டும் பளுவுக்குத் திரும்புவது எப்போது? இரவு நோவு ஒழியவேண்டும். இரு கைகளும் ஒருபோல உயரவேண்டும். இரு கைகளின் பலமும் ஏறக்குறைய ஒத்திருக்கவேண்டும். அப்போதும் வெறுங்கம்பியில் தொடங்குக. பெஞ்ச் பிரஸில் முழங்கையை விலாவினின்று நேர்குறுக்கே விரிக்காமற் சற்று ஒடுக்குக. கழுத்தின் பின்னே பளுவை இறக்கற்க. தள்ளும் பயிற்சி எத்தனையோ அத்தனை இழுக்கும் பயிற்சியும் செய்க. நிறைந்த உறக்கமும், பருப்பு, முட்டை, மீன், பால் முதலிய புரத உணவும் வேண்டும். புகையிலை நாண் ஆறுவதைத் தடுக்கும். புகைப்போர் அதனை விடுக.

சபையோரே! இப்பொழுது தீர்மானத்திற்கு வருவோம். மூன்று வாலிபர் தோளைக் கெடுத்தது இரும்பன்று. கெடுத்தவை அவசரமும், பந்தயமும், சொன்னாற் சிரிப்பார்கள் என்னும் அச்சமும் ஆம். அறையைப் பூட்டினால் இம்மூன்றும் வெளியே போய், கற்பிப்பார் இல்லாத இடத்தில் வளரும். ஆதலின் யாம் ஐந்து விதிகளைக் கமிட்டியார் முன் வைக்கின்றோம். ஒவ்வொருவரும் தாம் தூக்கும் பளுவையும் உண்டான நோவையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதுதல், பெரும்பளுவைத் துணையாள் இன்றித் தூக்காமை, பந்தயம் கட்டாமை, தசை வளர்க்குமென்று விற்கும் ஸ்டீராய்டு மருந்துகளை வாசலிலேயே தடுத்தல், மாதம் ஒருமுறை இயன்முறை வைத்தியர் ஒருவரை வரவழைத்து யாவரையும் பார்வையிடச் செய்தல்.

ஆறாவதாக ஒன்று உண்டு. அதனை விதியாக எழுத இயலாது. ஒரு வாலிபன் "எனக்குத் தோள் நோகின்றது" என்று சொல்லும்போது எவரும் சிரிக்கலாகாது. 1998 ஆம் ஆண்டில் எம்மைச் சூழ்ந்திருந்தோர் சிரிக்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கை எமக்கு இருந்திருந்தால், மூன்று மாதம் மறைத்திருக்கமாட்டோம். எம் தாயார் எத்தனையோ இரவு விழித்திருக்கவும் நேர்ந்திராது.

இன்னும் கை உயர்த்தமாட்டாத அவ்வாலிபர் இச்சபையிற் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவருடைய தந்தையாரும் இங்கே இருக்கின்றார்கள். தம்பி! நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு உம்முடன் யாமும் வருகின்றோம். அவர்கள் அரை லிட்டர் பாட்டிலைக் கொடுத்தால் இரு கையாலும் வாங்கிக்கொள்ளும்.